வழிப்போக்கருக்கு ஓர் அறை

நாகப்பட்டினத்திலிருந்து தெற்கு நோக்கி ஏறத்தாழ 12 கிலோமீட்டர் சென்றால் வேளாங்கண்ணி. கிழக்கே வங்கக் கடல், தெற்கே வெள்ளையாறு. ஆண்டின் பல நாட்களில் இது ஒரு சிறிய கடலோர ஊராகவே காட்சியளிக்கிறது. ஆனால் ஆகஸ்டுத் திங்கள் 29ஆம் நாள் அன்னையின் கொடி ஏறியதும் ஊரின் உருவமே மாறிவிடுகிறது. காவியுடை தரித்து, வெறுங்காலுடன் பல நாள் நடந்து வந்தவர்கள், மும்பையிலிருந்தும் கோவாவிலிருந்தும் புகைவண்டியில் வந்தவர்கள், கேரளத்திலிருந்து குடும்பம் குடும்பமாய் வந்தவர்கள் என்று சாலைகள் நிரம்பி வழிகின்றன. செப்டம்பர் 8ஆம் நாள், அன்னையின் பிறப்பு விழாவன்று, இவ்வூர் ஒரு மாநகரம்.

இத்தனை பேரும் இரவில் எங்கே தலை சாய்க்கின்றனர்? 1962ஆம் ஆண்டில் திருத்தந்தை இருபத்து மூன்றாம் அருளப்பரால் பேராலயமாக உயர்த்தப்பட்ட இத்திருத்தலத்தைக் காண வருவோர் கோபுரங்களை நோக்குவர், கடலை நோக்குவர், அன்னையின் திருமுகத்தை நோக்குவர். இந்தக் கேள்வியை எண்ணுவோர் சிலரே. திருத்தலத்தார் நடத்தும் யாத்திரிகர் இல்லங்கள் உண்டு. தனியார் விடுதிகள் தெருத்தோறும் உண்டு. கடற்கரை மணலையே பாயாகக் கொள்ளும் ஏழை எளியோரும் உண்டு. இவற்றுக்கிடையே நான்காவதாக ஒரு வகை உண்டு. தாம் குடியிருக்கும் வீட்டிலேயே ஓரிரு அறைகளை ஒதுக்கி, ஓர் இரவுக்கோ இரண்டு இரவுக்கோ வழிப்போக்கருக்கு வாடகைக்கு விடும் குடும்பங்கள் அவை. இக்கட்டுரை அவர்களைப் பற்றியது.

திருவிழாவுக்கு முன் பாவசங்கீர்த்தனம் கேட்கும் பணிக்காக அங்கே சில நாள் தங்கியபோது, இத்தகைய வீடுகள் சிலவற்றுக்குச் சென்று வரும் வாய்ப்பு நமக்குக் கிடைத்தது. ஒவ்வொரு வீட்டிலும் கேட்ட கேள்வி ஒன்றே: “சாமி, கையிலிருக்கும் சிறு தொகையை வைத்து அறையை எப்படி மேம்படுத்துவது? எதை முதலில் வாங்குவது?” உலக காரியமான இக்கேள்வியைக் குரு ஒருவரிடம் கேட்பானேன் என்று சிலர் எண்ணலாம். வருபவர் யாத்திரிகர், தருபவர் எளிய குடும்பத்தார், இருவர் நலனும் ஓர் அறைக்குள் அடங்கியிருக்கிறது. ஆகவே இதைச் சற்று நிதானமாக ஆராய்வது தகும்.

பழைய வழக்கமும் புதிய வாணிகமும்

வழிப்போக்கருக்கு இடம் தருவது தஞ்சைத் தரணிக்குப் புதிதன்று. வீட்டுத் திண்ணைகள் அதற்கென்றே கட்டப்பட்டவை. தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் நிறுவிய முத்தாம்பாள் சத்திரம் போன்றவை, இராமேசுவரம் செல்லும் யாத்திரிகருக்கு உணவும் உறையுளும் அளித்தன. விருந்தோம்பலுக்கென்று தனி அதிகாரமே வகுத்தவர் வள்ளுவர். மேல்நாட்டில், புனித ஆசீர்வாதப்பர் தம் துறவிகளுக்கு எழுதிய ஒழுங்கின் 53ஆம் அதிகாரத்தில் விருந்தினரை ஏற்கும் முறையைக் கூறுமிடத்து, விருந்தினர் இல்லத்தில் போதிய படுக்கைகள் ஆயத்தமாக இருக்க வேண்டும் என்பதையும் மறவாது குறிப்பிட்டார்.

இன்றோ இவ்வழக்கம் கைப்பேசி வழியாக நடக்கும் வாணிகமாகிவிட்டது. 2007ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில், வாடகை கொடுக்க முடியாமல் தவித்த இரண்டு இளைஞர்கள், நகரில் நடந்த ஒரு மாநாட்டுக்கு வந்தவர்களுக்குத் தம் வீட்டுக் கூடத்தில் இடம் கொடுத்தனர். அவர்களிடம் கட்டில் இல்லை. காற்றடைத்த மெத்தைகள் மூன்றும், காலைச் சிற்றுண்டியும் மட்டுமே அவர்கள் தந்தவை. அதிலிருந்து வளர்ந்ததே இன்று உலகெங்கும் அறியப்படும் ஏர்பிஎன்பி நிறுவனம். இவ்வரலாற்றில் நமக்கு ஒரு பாடம் உண்டு. அந்த முதல் விருந்தினருக்குப் பளபளப்பான அறை கிடைக்கவில்லை. படுக்க இடமும் பரிவும் கிடைத்தன. அவ்வளவே போதுமானதாயிற்று.

நம் நாட்டிலும் மத்திய அரசின் சுற்றுலா அமைச்சகம், உரிமையாளர் குடும்பத்துடன் குடியிருந்து கொண்டே சில அறைகளை விருந்தினருக்கு விடும் வீடுகளைப் பதிவு செய்து, தங்கம், வெள்ளி என இரு தரமாகப் பிரிக்கும் திட்டம் ஒன்றை வகுத்துள்ளது. ஆக, இது ஒழுங்குக்கு உட்பட்ட தொழில். இதில் இறங்குவோர் உள்ளாட்சி அலுவலகத்திலும் காவல் நிலையத்திலும் உரிய அனுமதிகளைக் கேட்டறிந்து பெறுவது கடமை. வருவோரின் பெயர், முகவரி, அடையாளச் சான்று ஆகியவற்றைப் பதிவேட்டில் குறிக்க வேண்டும். வெளிநாட்டார் தங்கினால் 24 மணி நேரத்திற்குள் உரிய அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும்.

இரண்டு வீடுகள்

நாம் கண்ட வீடுகளில் இரண்டை மட்டும் இங்கே குறிப்பிடுவோம்.

முதல் வீட்டுக்காரர் முயற்சியுடையவர். கடன் பெற்று, அறைக்குக் குளிரூட்டும் பெட்டி வைத்தார். சுவரளவு தொலைக்காட்சி மாட்டினார். கூரையில் வண்ண விளக்குகள் பதித்தார். கைப்பேசியில் அவ்வறையின் படம் அழகாகவே இருந்தது. ஆயினும் வந்து தங்கியவர்கள் எழுதி வைத்த கருத்துகளைப் படித்துக் காட்டியபோது அவர் குரல் தாழ்ந்தது. சன்னலில் கொசுவலை இல்லை. நனைந்த துணியை மாட்ட ஓர் ஆணி இல்லை. குளியலறைக் கதவின் தாழ்ப்பாள் துருவேறிச் சிக்கிக்கொண்டது. நள்ளிரவில் எழுந்த மூதாட்டி விளக்கின் பொத்தான் எங்கே என்று தெரியாமல் தடுமாறினார். தொலைக்காட்சியைப் பற்றி ஒருவரும் ஒரு சொல் எழுதவில்லை.

இரண்டாவது வீடு ஒரு கைம்பெண்ணுடையது. கணவர் மறைந்தபின், வீட்டின் பின்கட்டில் இருந்த இரண்டு அறைகளை யாத்திரிகருக்கு விட்டே மகளைப் படிக்க வைக்கிறார். விழா நாட்களில் கிடைப்பதுதான் அவருக்கு ஆண்டின் பெரும் வருவாய். சேமித்து வைத்திருந்தது 25,000 ரூபாய்.

“தோத்திரம் சாமி. குளிரூட்டும் பெட்டி இல்லாத அறையை இனிமேல் ஒருவரும் எடுக்க மாட்டார்கள் என்று தரகர் சொல்லுகிறார். இரண்டு அறைக்கும் வைக்க என்னிடம் இருக்கிற பணம் பற்றாது. மகளுக்கென்று வைத்திருக்கிற சங்கிலியை அடகு வைக்கலாமா என்று யோசிக்கிறேன். சாமி என்ன சொல்லுகிறீர்கள்?” என்றார்.

“அம்மா, சங்கிலி பெட்டியிலேயே இருக்கட்டும். முதலில் அறைகளைப் பார்ப்போம்” என்றோம். நம்முடன் வந்திருந்த பங்கு இளைஞர் ஒருவர் மின்பணி கற்றவர். அவருடன் அறைகளை ஓர் ஒழுங்குப்படி பார்வையிட்டோம். அந்த ஒழுங்கையே கீழே தருகிறோம். உயிர் முதலாவது, உறக்கம் இரண்டாவது, வசதி மூன்றாவது, அழகு கடைசி.

முதலாவது: உயிர்

கடற்கரை ஊரில் விருந்தினர் கடலாடி ஈரத்துடன் வருவர். ஈரக் கையும் மின்சாரமும் சேர்ந்தால் நேர்வது என்ன என்று கூற வேண்டியதில்லை. ஆதலால் முதல் செலவு, மின்கசிவு ஏற்பட்டால் கண்ணிமைக்கும் நேரத்தில் இணைப்பைத் துண்டிக்கும் கருவிக்கு உரியது. கடைகளில் ஆர்.சி.சி.பி. என்று கேட்டால் தருவார்கள். 30 மில்லி ஆம்பியர் அளவுக்குரியதைக் கேட்டு வாங்க வேண்டும். மனித உயிரைக் காக்க உரிய அளவு அதுவே. அதன் மேலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்க்க வேண்டும். கூடவே நில இணைப்பு, அதாவது எர்த், சரியாக உள்ளதா என்று மின்வினைஞரைக் கொண்டு சோதிப்பதும் அவசியம்.

வாளியில் தொங்கவிட்டு நீர் காய்ச்சும் ஹீட்டர் கம்பியை விருந்தினர் அறையில் ஒருபோதும் வைக்கலாகாது. பழக்கமில்லாதவர் சூடு பார்க்கக் கையை விடுவர். எரிவாயுவால் இயங்கும் கீசரைக் காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் வைப்பதும் பேராபத்து. நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு நச்சு வாயு அங்கே நிறைந்துவிடும். குளிப்பவர் அறியாமலே மயங்கிச் சாய்வார். முறையாகப் பொருத்தப்பட்ட மின் கீசர் இல்லையேல், சமையலறையில் வெந்நீர் வைத்து வாளியில் கொடுப்பது மேல். குறைவென்று யாரும் கருதார்.

நெருப்பைப் பற்றி ஒரு வார்த்தை. வேளாங்கண்ணிக்கு வரும் ஒவ்வொரு குடும்பத்தின் பையிலும் மெழுகுதிரி உண்டு. இரவில் சுரூபத்தின் முன் அதை ஏற்றி வைத்துச் செபமாலை சொல்லி, அப்படியே உறங்கிவிடுவோரும் உண்டு. திரைச்சீலையும் மெத்தையும் அருகில் இருக்கும். ‘மெழுகுதிரி ஏற்றாதீர்’ என்று எழுதிப் போட்டால் யாத்திரிகர் மனம் புண்படும். அதைவிட, சுவரோரம் ஒரு சிறு கல் மாடத்தை அமைத்து, மணல் நிரப்பிய பித்தளைத் தட்டு ஒன்றை வைத்துவிடலாம். திரி சாய்ந்தாலும் மணலில் அணையும். கொசுவத்திச் சுருளுக்கும் அதே தட்டு உதவும். இதற்குச் செலவு மிகச் சிறிது. இதனுடன், வாயிற்புறத்தில் இரண்டு கிலோ எடையுள்ள ஏ.பி.சி. தூள் தீயணைப்பான் ஒன்றும் தொங்க வேண்டும். அதன் அளவுமானியின் முள் பச்சைப் பகுதியில் நிற்கிறதா என்று அவ்வப்போது பார்த்துக்கொண்டால் போதும்.

இனி, ஒரு காசும் செலவில்லாத, ஆனால் எல்லாவற்றிலும் பெரிய ஏற்பாடு ஒன்றுண்டு. 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள், கிறிஸ்து பிறப்பு விழாவின் மறுநாள் ஞாயிற்றுக்கிழமைக் காலையில், ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. அன்று இங்கே மாண்டவருள் வெளியூர் யாத்திரிகர் பலர். ஊரார்க்குத் தெரியும் சந்து பொந்துகள் விருந்தினருக்குத் தெரியா. எனவே ஒவ்வோர் அறைக் கதவின் உட்புறமும் ஒரு தாள் ஒட்டப்பட வேண்டும். ஆபத்து நேரும்போது எந்த வழியாக மேற்கே ஓடுவது, அருகில் உயர்ந்த மாடி எது, வீட்டுக்காரரின் தொலைபேசி எண் என்ன, அவசர ஊர்திக்கு 108, பொது உதவிக்கு 112 என்பவை அதில் இருக்கட்டும். தமிழுடன் மலையாளம், இந்தி, ஆங்கிலம் ஆகியவற்றிலும் எழுதுவது நலம். பதிவேட்டில் வந்தோர் அனைவர் பெயரையும், குழந்தைகளையும் சேர்த்து, ஒழுங்காக எழுதுவதன் அவசியமும் இங்கேதான் விளங்குகிறது. அலுவலகத்துக்குக் காட்டுவதற்காக மட்டும் எழுதப்படும் ஏடன்று அது. ஓர் ஆபத்தின்போது யார் யார் வீட்டில் இருந்தனர் என்று சொல்லக்கூடியது அது ஒன்றே.

இரண்டாவது: உறக்கம்

பல காதம் நடந்து வந்தவனுக்கு வேண்டியது ஒரு நல்ல உறக்கம். அதைக் கெடுப்பவை மூன்று: கொசு, புழுக்கம், அழுக்குப் படுக்கை.

கொசுவுக்குச் சன்னல் வலை. ஆனால் இரும்பு வலை வேண்டா. உப்புக்காற்று அதைத் தின்றுவிடும். கண்ணாடி நாரிழை அல்லது நைலான் வலையைச் சட்டத்தில் அடித்துப் பொருத்தினால் பல ஆண்டு உழைக்கும். கிழிந்தாலும் மாற்றுவது எளிது.

புழுக்கத்துக்கு விசிறி. இங்கே சற்றுக் கணக்குப் பார்ப்போம். பழைய கூரை விசிறி ஏறத்தாழ 75 வாட் மின்சாரம் உண்ணும். பி.எல்.டி.சி. எனப்படும் புதுவகை விசிறிக்கு 30 வாட் அளவே போதும். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் சுழன்றால், ஒரு விசிறியில் மட்டும் அரை யூனிட்டுக்கு மேல் மிச்சம். 2023ஆம் ஆண்டின் தொடக்கம் முதல் கூரை விசிறிகளில் நட்சத்திரக் குறி கட்டாயமாக்கப்பட்டுள்ளதால், வாங்குவோர் அக்குறியைப் பார்த்தே தெரிவு செய்யலாம்.

மின்வெட்டு நேரத்தில்தான் இதன் அருமை முற்றும் விளங்கும். வீட்டில் பொதுவாக வைக்கப்படும் 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி மின்கலத்திலிருந்து, அதைப் பழுதாக்காமல் ஏறத்தாழ ஓராயிரம் வாட்-மணி எடுக்கலாம் எனக் கொள்வோம். பழைய விசிறிகள் இரண்டும், 60 வாட் குண்டு விளக்குகள் இரண்டும் 270 வாட் இழுக்கும். நான்கு மணி நேரம்கூடத் தாங்காது. புதுவகை விசிறி இரண்டும், 9 வாட் எல்.இ.டி. விளக்கு இரண்டும் 78 வாட் மட்டுமே. பன்னிரண்டு மணி நேரம் ஓடும். விருந்தினர் விடியும்வரை உறங்குவர்.

குளிரூட்டும் பெட்டி வேண்டாம் என்று நாம் கூறவில்லை. ஒன்றரை டன் பெட்டி ஒன்று ஏறத்தாழ 1,500 வாட் இழுக்கும். அதற்குத் தனிக் கம்பி வேண்டும். கடற்காற்று அதன் வெளிப்பெட்டியின் சுருள்களை அரித்துவிடும். பூச்சிட்ட சுருள் உள்ளதாகத் தேடி வாங்க வேண்டும். ஆண்டுதோறும் பழுது பார்க்க வேண்டும். விழாக்காலத்தில் மட்டுமே நிறையும் வீட்டுக்கு, கடன் வாங்கி அதை வைப்பதால் வட்டியே மிஞ்சும். ஆண்டு முழுவதும் அறை நிறையும்போது, கடனின்றி வாங்க முடிந்தால் வாங்கலாம்.

படுக்கையைப் பொறுத்தவரை, தடித்த மெத்தை சிறந்த மெத்தை என்று எண்ணிவிடக் கூடாது. கெட்டியான தென்னைநார் மெத்தையே பலருக்கு உகந்தது, முதுகுக்கும் நல்லது. அதன்மேல் நீர்புகா உறை ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். குழந்தைகள் வரும் வீட்டில் அது இல்லையேல் ஒரே இரவில் மெத்தை பாழ். விரிப்புகள் வெள்ளைப் பருத்தியாக இருக்கட்டும். அழுக்கு உடனே தெரியும், கொதிநீரில் வெளுக்கலாம். ஒவ்வொரு படுக்கைக்கும் மூன்று தொகுதி: ஒன்று கட்டிலில், ஒன்று வெளுப்பில், ஒன்று அலமாரியில்.

நம் யாத்திரிகர் எட்டுப் பேர், பத்துப் பேர் என்று குடும்பமாய் வருபவர்கள். அவர்களுக்கு இன்னொரு கட்டில் வாங்குவதைவிட, நல்ல கோரைப்பாய் நான்கும், பவானி ஜமுக்காளம் ஒன்றும், தலையணைகளும் வைப்பது சிக்கனம், இடமும் அடைபடாது.

மூன்றாவது: வசதி

உப்புக்காற்று வீசும் ஊரில் எதை வாங்கினாலும் ‘இது துருப்பிடிக்குமா?’ என்பதே முதற் கேள்வியாக இருக்க வேண்டும். தாழ்ப்பாள், கீல், திருகாணி முதலியவற்றைத் துருவேறா எஃகில் வாங்குக. அதிலும் 304 என்னும் தரத்தைவிட 316 என்னும் தரம் கடலோரத்துக்கு ஏற்றது. மாலிப்டினம் கலந்திருப்பதால் உப்பின் அரிப்பை அது நன்கு தாங்கும். விலை சற்றுக் கூடுதல்தான். எல்லாவற்றுக்கும் இயலாவிடில் குளியலறைக்கும் வெளிக்கதவுக்கும் மட்டுமாவது அதைப் பயன்படுத்தலாம்.

குளியலறையில் முதியோர் பற்றிக்கொள்ளக் கைப்பிடிக் கம்பி ஒன்று வேண்டும். பேராலயத்திலிருந்து மாதா குளம் நோக்கிச் செல்லும் மணற்பாதையில் முழங்காலால் ஊர்ந்து நேர்த்திக்கடன் செலுத்திய ஒருவர், திரும்பி வந்து உட்கார்ந்து எழுவது எவ்வளவு துன்பம் என்பதை எண்ணிப் பாருங்கள்! உட்கார்ந்து குளிக்க உறுதியான முக்காலி ஒன்றும், வழுக்காத தரைவிரிப்பு ஒன்றும் உடன் இருக்கட்டும். கம்பியைச் செங்கல்லில் ஆழமாகப் பதிக்க வேண்டும். பூச்சில் மட்டும் திருகினால், நம்பிப் பிடித்தவரோடு அதுவும் விழும்.

வாசற்படி அருகே முழங்கால் உயரத்தில் ஒரு குழாய் வைத்தால், விருந்தினர் கால் மணலைக் கழுவிவிட்டு உள்ளே வருவர். அறை தூய்மையாகும், குளியலறை நீர்ப்போக்கு மணலால் அடைபடாது. ஆயிரம் ரூபாயில் இதைவிடப் பயன் தருவது வேறில்லை எனலாம்.

சுவரில் வரிசையாகக் கொக்கிகள், பின்புறம் நைலான் கொடி, தலைமாட்டில் கைக்கெட்டும் விளக்குப் பொத்தான், அதனருகே கைப்பேசி மின்னேற்ற ஒரு பொருத்துவாய், இரவு முழுதும் எரியும் சிறு விளக்கு, குடிநீர்ப் பானை, முதலுதவிப் பெட்டி, அதில் கால் கொப்புளத்துக்குக் கட்டுத்துணி ஆகிய யாவும் சிறு செலவுகளே. இரவு இரண்டு மணிக்குப் பேருந்தில் வந்திறங்குவோருக்காக, எண்களைத் திருப்பித் திறக்கும் சிறு சாவிப்பெட்டி ஒன்றை வாயிலில் பொருத்தியிருக்கும் வீட்டையும் கண்டோம். வீட்டார் உறக்கமும் கெடவில்லை. விருந்தினரும் தெருவில் நிற்கவில்லை.

அந்த அம்மாளின் கணக்கு

இவ்வொழுங்கின்படி அந்தக் கைம்பெண்ணுடன் அமர்ந்து ஒரு தாளில் கணக்கெழுதினோம். விலை ஊருக்கு ஊர், கடைக்குக் கடை மாறும். ஆயினும் ஒரு மதிப்பீடாகக் கொள்ளலாம். மின்கசிவுத் தடுப்புக் கருவியும் நில இணைப்புச் சோதனையும் கூலியோடு 3,000 ரூபாய். விசிறி இரண்டுக்கு 6,000. தீயணைப்பான் 1,500. சன்னல் வலைகள் 2,500. மெத்தை உறைகள் 1,500. விரிப்புகளும் தலையணை உறைகளும் 4,000. கைப்பிடிக் கம்பிகள் 1,500. வழுக்காத விரிப்புகள் 500. கால் கழுவும் குழாய் 1,000. விளக்கு, கொக்கி, கொடி, மணல் தட்டு முதலியன 1,000. ஆக மொத்தம் 22,500 ரூபாய். கையில் மிச்சம் 2,500. சங்கிலி பெட்டியை விட்டு வெளிவரவில்லை.

“இதில் படமெடுத்துப் போட ஒன்றுமே இல்லையே, சாமி!” என்று சிரித்தார் அவர். உண்மைதான். மின்கசிவுக் கருவியைப் படம் பார்த்து மெச்சுவார் எவர்? ஆனால் நடுச்சாமத்தில் ஒரு குழந்தை பாதுகாப்பாக உறங்குவது அதனால்தான். இக்காலத்து வாணிகத்தின் சோதனை இதுவே: படத்தில் தெரிவதற்குச் செலவு செய்யத் தூண்டும், தெரியாததை மறக்கச் செய்யும். கடனாளியான பின் வாடகையை ஏற்ற வேண்டிவரும். வாடகை ஏறினால் ஏழை யாத்திரிகர் கடற்கரைக்கே திரும்புவர். நம் எளிய வீடுகள் எளிய யாத்திரிகருக்கு எட்டாமற் போகுமாயின், அவ்வீடுகள் இருந்தென்ன?

விவிலியத்தில், அரசர்கள் இரண்டாம் நூல் நான்காம் அதிகாரத்தில், சூனேம் ஊர்ப் பெண்மணி ஒருத்தி வருகிறாள். அவ்வழியே அடிக்கடி செல்லும் எலிசா இறைவாக்கினருக்காகத் தன் கணவனிடம் சொல்லி மாடியில் ஒரு சிறு அறை கட்டச் செய்கிறாள். அதில் வைக்க அவள் எண்ணியவை நான்கு: ஒரு கட்டில், ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு விளக்குத்தண்டு. அவள் வசதி படைத்தவள். பட்டும் பொன்னும் வைத்திருக்கலாம். களைத்து வருபவனுக்கு என்ன வேண்டும் என்பதை மட்டுமே அவள் நினைத்தாள். படுக்க ஒன்று, உண்ண ஒன்று, உட்கார ஒன்று, இருளில் பார்க்க ஒன்று. விருந்தினர் அறைக்கு இதைவிடச் சிறந்த பட்டியலை நாம் கண்டதில்லை.

வேளாங்கண்ணியில் மட்டுமன்று; கொடைக்கானலிலும் ஏற்காட்டிலும் உதகையிலும் நம் கத்தோலிக்கக் குடும்பங்கள் பல இத்தொழிலில் இறங்கி வருகின்றன. அவர்கள் அனைவருக்கும் ஒரு வேண்டுகோள். எதையும் வாங்குவதற்கு முன், நீங்கள் வாடகைக்கு விடும் அறையில் ஓர் இரவு நீங்களே படுத்துப் பாருங்கள். ஒரு பையை எடுத்துக்கொண்டு, புதியவர் போல் உள்ளே செல்லுங்கள். விளக்கை அணைத்துவிட்டு, இருளில் பொத்தானைத் தேடுங்கள். வாளி நீரில் குளித்துவிட்டு, ஈரத் துண்டை எங்கே உலர்த்துவது என்று பாருங்கள். கொசு எத்தனை மணிக்கு வருகிறது, தாழ்ப்பாள் எளிதில் விழுகிறதா, வெளிச்சம் எந்த இடுக்கு வழியே முகத்தில் அடிக்கிறது என்றெல்லாம் கவனியுங்கள். உங்கள் வீட்டு முதியவரையும் ஒருநாள் அங்கே படுக்க வையுங்கள். காலையில் எழுந்ததும், வாங்க வேண்டியவற்றின் பட்டியல் தானாகவே உங்கள் கையில் இருக்கும். அது பெரும்பாலும் நீங்கள் அஞ்சியதைவிடச் சிறியதாகவே இருக்கும்.